புதுப் புத்தகம் வந்த சேதி: கொல்கத்தா நாட்குறிப்பு

ஞாயிறு, ஹவுரா மெயில்

சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து, விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாக மதுரைக்கு லாரியில் போய்விட்டன. நானும், எங்கள் பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு செய்யும் தம்பியும் சென்ட்ரலில் ரயில் ஏறியிருக்கிறோம். எங்களுடையது நான்கு பேர் வேலை செய்யும் சின்னப் பதிப்பகம். மெய்ப்பு பார்ப்பது (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), பின்னட்டைக் குறிப்பு எழுதுவது, புதுநூல் அறிவிப்பு தயாரிப்பது எல்லாம் என் பொறுப்பு. பதிப்பாசிரியர் அண்ணன் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு வேலை சொன்னார்: "அங்கே சின்னப் பதிப்பகக்காரங்க புதுப் புத்தகம் வந்ததை ஆளுங்களுக்கு எப்படிச் சொல்றாங்கன்னு பார்த்துட்டு வாங்க."

தமிழில் புத்தகம் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியும். ஒரு காலத்தில் 1200 பிரதிகள் அச்சிடுவது வழக்கம். இப்போது 200, 300 என்று அடித்துக்கொள்கிறோம். அச்சடிப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் அந்த முந்நூறு பிரதிகளையும் ஆசையாக வாங்கிப் படிக்கக்கூடிய முந்நூறு பேர் எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சேதி எப்படிப் போகும்? டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும் எல்லாப் பதிப்பகங்களும் ஒரே மூச்சில் புத்தகங்களை வெளியிடுகின்றன. ஒரு நாள் சாயங்காலத்தில் நாலைந்து வெளியீட்டு விழாக்கள். பத்து வருடம் உழைத்து எழுதிய நாவலும் அந்த வெள்ளத்தில் ஒரு வாட்ஸ்அப் படமாகப் போய்விடுகிறது. பிப்ரவரியில் அதைப் பற்றிக் கேட்பாரில்லை.

சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்கிறேன். 1959இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியவர், தன் வெளியீடுகளைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தியாகத்தைப் பேசுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. எந்த ஊரில் எந்த ஆசிரியர் எதைப் படிப்பார் என்பது அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். இன்று எங்களிடம் அந்த அறிவு இல்லை.

திங்கள், இன்னும் ரயிலில்

சுமார் 1,660 கிலோமீட்டர். காலையில் விசாகப்பட்டினம், மதியத்துக்கு மேல் சிலிகா ஏரியின் ஓரம். தம்பி வழியெல்லாம் தூங்கினான். நான் ஒரு முதல் சிறுகதைத் தொகுப்புக்கு மெய்ப்பு பார்த்து முடித்தேன். நள்ளிரவை ஒட்டி ஹவுரா. சியால்தா பக்கம் அறை எடுத்திருக்கிறோம். நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய், கல்லூரித் தெரு

காலேஜ் ஸ்ட்ரீட் பற்றிப் படித்தவர்கள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளைத்தான் நினைப்பார்கள். அவை இருக்கின்றன, பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் மதிலை ஒட்டி வரிசையாக. ஆனால் எங்களுக்கு வேண்டியது அதன் பின்னால் இருக்கும் சந்துகள். அந்த வட்டாரத்தையே புத்தகப் பேட்டை என்ற பொருளில் 'பொய்பாடா' என்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு பதிப்பகம், மாடிப்படிக்குக் கீழே ஒன்று, அடுத்த கதவில் விற்பனையாளர், நாலு வீடு தள்ளி அச்சகம். சியால்தா பக்கம் நடந்தால் பைடக்கானாவில் பேப்பர் கடைகள். அதை ஒட்டியே பைண்டிங் செய்பவர்களின் தஃப்தரிபாடா. பாரங்களை, அதாவது அச்சடித்து மடித்த தாள்களை, தலையளவு அடுக்கிக்கொண்டு தள்ளுவண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு பைண்டிங் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பாரங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவர்களைத் தம்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, இங்கே பேப்பர் வாங்கி, அச்சடிச்சு, பைண்ட் பண்ணி, கடையில வைக்கிறது வரைக்கும் நடந்தே முடிச்சிடலாம்" என்றான்.

அவன் சொன்னது சரி. ஒரு சின்னப் பதிப்பகம் தனியாக வாழ முடியாது. பக்கத்தில் இப்படி ஒரு பேட்டை இருந்தால்தான் இரண்டு பேர் சேர்ந்து வருடத்துக்கு ஆறு புத்தகம் போட முடிகிறது. சென்னையில் திருவல்லிக்கேணியும் ராயப்பேட்டையும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே வாசகர் வருவதில்லை. இங்கே வாசகரும் அதே சந்தில் நடக்கிறார். புதுப் புத்தகம் வந்த சேதிக்குப் பாதி வழி இங்கே கால்நடையாகவே தீர்ந்துவிடுகிறது.

இப்படி ஒரே இடத்தில் இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 2020 மே மாதம் ஆம்பன் புயலில் இந்தத் தெரு முழுக்க வெள்ளம். 2025 செப்டம்பரில், துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு, 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரைத்தளத்துக் கடைகளில் கீழ் அடுக்குகளில் இருந்ததெல்லாம் போயிற்று. ஒரு கடைக்காரர் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினார், என் முழங்காலுக்கு மேலே இருந்தது. பூஜைக்காக வந்திருந்த புதுப் பிரதிகள்தான் கீழே அடுக்கியிருந்தனவாம். 300 பிரதி அடிக்கிற பதிப்பகத்துக்கு அதில் 200 நனைந்தால் அந்தப் புத்தகமே முடிந்தது. மறு அச்சுக்குப் பணம் வராது.

அவரேதான் எனக்குப் பயன்பட்ட ஒரு விஷயமும் சொன்னார். வங்கப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று பதிப்பகங்கள் எழுத்தாளர்களைக் கடைக்கு அழைக்கின்றன. இனிப்பு, இளநீர், அரட்டை, அந்த வருடப் புதுப் புத்தகங்கள். வாசகர்களும் வந்து எழுத்தாளர்களைப் பார்க்கிறார்கள். மேடை கிடையாது, வாழ்த்துரை கிடையாது. நம்முடைய சித்திரை ஒன்றும் அவர்களுடைய புத்தாண்டும் ஒரே நாளிலோ ஒரு நாள் தள்ளியோதான் வரும். நாம் ஏன் எல்லாவற்றையும் ஜனவரியிலேயே கொட்டுகிறோம் என்று அப்போதே அண்ணனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்.

சாயங்காலம் காபி ஹவுஸ். மேலே மாடி, கீழே பேச்சுச் சத்தம். காபி சுமார்தான். ஆனால் பக்கத்து மேசையில் நாலு பையன்கள் ஒரு சிற்றிதழின் அட்டையை வைத்துக்கொண்டு எழுத்துரு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி எழுந்து போய் அந்தச் சண்டையில் சேர்ந்துகொண்டான்.

புதன், டேமர் லேனும் பவானிப்பூரும்

காலையில் டேமர் லேன் போனோம். காலேஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒடுக்கமான சந்து. இங்கேதான் சந்தீப் தத்தா என்ற பள்ளி ஆசிரியர் தன் வீட்டிலேயே 1978இல் சிற்றிதழ்களுக்கான நூலகத்தைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் கழித்துக்கட்டக் குவிக்கப்பட்டிருந்ததைப் பார்த்த வேதனையில் தானே சேர்க்க ஆரம்பித்தவர். பள்ளிச் சம்பளத்திலிருந்து வாங்கிச் சேர்த்தார். ஆராய்ச்சி மாணவர்கள் இங்கே வந்துதான் படித்தார்கள். 2023 மார்ச்சில் காலமானார். சின்ன வெளியீடுகளுக்கு அரசு நூலகத்தின் கருணையை மட்டும் நம்ப முடியாது என்பதை அவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். நம் ஊரிலும் அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்காக வருடக்கணக்கில் காத்திருந்து தளர்ந்துபோன பதிப்பகங்களைப் பார்த்திருக்கிறேன்.

மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் மெட்ரோ பிடித்து நேதாஜி பவனில் இறங்கினோம். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் ஓடியது எஸ்பிளனேடிலிருந்து இந்தப் பவானிப்பூர் வரைக்கும்தான். மேலே வந்தால் எல்ஜின் சாலை.

இந்தச் சாலையில் இருந்த சிக்னெட் பிரஸ் பற்றி நான் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். டி.கே. குப்தா என்று அறியப்பட்ட திலீப் குமார் குப்தா 1943இல் தொடங்கியது. அவர் வேலை பார்த்தது ஒரு விளம்பர நிறுவனத்தில். அங்கே வரைகலைஞராகச் சேர்ந்த சத்யஜித் ராயைத்தான் அட்டை போடச் சொன்னார். நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' 1946இல் முதலில் வெளிவந்தது இந்தச் சின்னப் பதிப்பகத்திலிருந்து, ராயின் அட்டையோடு. 'பதேர் பாஞ்சாலி'யைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிப் போட்டபோது ராய் படம் வரைந்தார், அந்த வேலையில்தான் அதைப் படமாக எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது.

அட்டைகள் புகழ்பெற்றவை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 'துக்ரோ கதா'. சிக்னெட் தன் வாசகர்களுக்காக வெளியிட்ட சின்னத் தகவல் மடல். துணுக்குகள், புத்தகங்களைப் பற்றிய பேச்சு, புதிதாக வரப்போகும் நூல்களின் சேதி. விளம்பரத் தொழில் தெரிந்த ஒரு மனிதர், 'வாங்குங்கள்' என்று கத்தாமல், படிப்பதற்குச் சுவையான ஒன்றைக் கையில் கொடுத்து அதன் வழியாகப் புத்தகத்துக்கு ஆள் சேர்த்தார். நான் எழுதும் அறிவிப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். தலைப்பு, ஆசிரியர், பக்கம், விலை, முன்வெளியீட்டுச் சலுகை, ஜிபே எண். அதைப் படிப்பதில் ஒருவருக்கு என்ன சந்தோஷம் கிடைக்கும்?

அதே பவானிப்பூரில்தான் ஸீகல் புக்ஸ். நாடக மேடைக்கு ஒளியமைப்பு செய்துகொண்டிருந்த நவீன் கிஷோர் 1982இல் தொடங்கியது. முதலில் நாடகப் பிரதிகள், பிறகு வங்க எழுத்தாளர் மஹாஸ்வேதா தேவியின் எழுத்துகள் ஆங்கிலத்தில். பிற்பாடு ஜெர்மன், பிரெஞ்சு, அரபு என்று உலக இலக்கியம் முழுக்க. இந்தியாவுக்கு மட்டும் என்று உரிமை வாங்காமல் ஆங்கிலத்துக்கான உலக உரிமையையே வாங்குகிறார்கள். சீன எழுத்தாளர் மோ யானின் ஒரு சிறு நூலை 2010இல் போட்டார்கள், அவருக்கு நோபல் கிடைத்தது 2012இல். 2025இல் நோபல் பெற்ற ஹங்கேரி எழுத்தாளர் லாஸ்லோ கிராஸ்னஹோர்காயின் சீனப் பயண நூலையும் பல வருடம் முன்பே போட்டுவிட்டார்கள். பரிசு பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது நடக்காது.

நாங்கள் பார்க்க வந்தது அவர்களுடைய விலைப்பட்டியலை. அதைப் பட்டியல் என்று சொல்ல மனம் வரவில்லை, ஒரு தடித்த புத்தகம். நவீன் கிஷோர் எழுதும் ஒரு சிறு பத்தியை உலகம் முழுக்க உள்ள தங்கள் எழுத்தாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவார்கள். அவர்கள் அதற்குப் பதிலாக எழுதி அனுப்பும் கவிதை, கடிதம், குறிப்பு எல்லாம் அதில் இடம்பெறும். பக்கத்துக்குப் பக்கம் அவர்களுடைய வடிவமைப்பாளர் சுனந்தினி பானர்ஜியின் படத்தொகுப்புகள். இவற்றுக்கு நடுவே புதுநூல் விவரங்கள். தம்பி ஒரு பழைய வருடத்துப் பட்டியலைப் புரட்டிவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. வெளியே வந்ததும், "இதுல இருக்கிற புத்தகத்துல ஒண்ணைக்கூட வாங்காதவங்ககூட இதை வீட்ல வெச்சுப்பாங்க" என்றான்.

எங்களால் இந்த அளவுக்குச் செலவு செய்ய முடியாது. ஆனால் இதன் பின்னால் இருக்கும் எண்ணத்துக்குச் செலவு இல்லை. புதுப் புத்தகம் வரும் சேதியைத் தங்கள் எழுத்தாளர்களையே எழுத வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்களுக்கும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் புத்தகத்தைப் பற்றி இன்னொருவர் அரைப் பக்கம் எழுதித் தரமாட்டாரா?

வியாழன், லேக் கார்டன்ஸ்

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி. அண்ணனின் பழைய நண்பர் வழியாக, ஓய்வு பெற்ற ஒரு கல்லூரி ஆசிரியை வீட்டுக்குப் போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். பிடிவாதமாகச் சாப்பாடு போட்டார். பிறகு அலமாரியைத் திறந்து, "இதையெல்லாம் தொட்டுப் பாரும்மா" என்றார்.

கைத்தறிச் சேலைத் துணியில் கட்டிய புத்தகங்கள். ஒன்றின் முதுகில் சேலையின் கரை அப்படியே ஓடுகிறது. இன்னொன்று அரக்கு நிறம், சின்னக் கட்டங்கள். எல்லாம் ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப் வெளியீடுகள். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பி. லால், 1958இல் நண்பர்களோடு தொடங்கி, லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்தே நடத்தியது. கையால் அச்சுக் கோத்து, கையால் தைத்து, துணி ஒட்டி, தலைப்பைத் தன் கையெழுத்திலேயே அழகாக எழுதி அச்சிட்டார். 2010இல் அவர் மறைந்த பிறகும் குடும்பத்தார் தொடர்ந்து நடத்துகிறார்கள். மொத்தம் 3,000க்கும் மேற்பட்ட தலைப்புகள். விக்ரம் சேத்தின் முதல் கவிதை நூல் இங்கேதான் வந்தது. முதல் புத்தகத்தோடு நின்றுபோன எத்தனையோ பேருக்கும் இதே துணி, இதே கவனம்.

எழுத்தாளர் 100 பிரதிகளைத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது லாலின் ஏற்பாடு. அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. தம்பிக்கும் பிடிக்கவில்லை. எனக்கு இரண்டு மனது. நம் ஊரில் எழுத்தாளரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, எத்தனை பிரதி அடித்தார்கள் என்பதையே சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். லால் நிபந்தனையை வெளிப்படையாகச் சொன்னார், புத்தகத்தை அழகாகச் செய்தார், அரை நூற்றாண்டு அதே வீட்டில் இருந்தார். ஆனாலும் பணம் இல்லாத கவிஞர் என்ன செய்வார் என்ற கேள்வி தீரவில்லை.

அந்த அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒன்றுதான் இன்றைய நாளை நிறைத்துவிட்டது. ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்த்த குறுந்தொகைப் பாடல்கள் அமெரிக்காவில் 1967இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று வந்து உலகத்தின் கவனத்தை இழுத்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1965இல், அவற்றில் பதினைந்து பாடல்களைச் சிறு நூலாகப் போட்டது ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப். ஈராயிரம் வருடத்துக் குறிஞ்சியும் நெய்தலும் புது ஆங்கிலத்தில் முதலில் புத்தகமானது ஒரு கல்கத்தா பேராசிரியரின் வீட்டிலிருந்து! அப்போது எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? சில நூறு பேர் இருக்கலாம். சின்னப் பதிப்பகம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்: பெரியவர்கள் வரும்வரை காத்திருக்காமல், முதல் ஆளாக நம்புவது.

சாயங்காலம் அந்தத் தெருக்களில் சும்மா நடந்தோம்.

வெள்ளி, புத்தகச் சந்தை

சியால்தாவிலிருந்து மெட்ரோவில் கருணாமயி. இறங்கினால் எதிரிலேயே பொய்மேளா என்கிற கொல்கத்தா புத்தகச் சந்தை. பகல் 12 மணிக்குத் திறக்கிறார்கள், நுழைவுச் சீட்டு இல்லை. 1976இல் தொடங்கிய சந்தை. முன்பு நகர நடுவிலுள்ள மைதான் திடலில் நடந்தபோது, 1997இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்தது. சில நாட்களில் மீண்டும் திறந்தார்கள், மக்களும் திரும்ப வந்தார்கள். 2018 முதல் சால்ட் லேக்கில்.

பெரிய அரங்குகளைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. சிற்றிதழ் கூடாரத்துக்குள் நுழைந்த நாங்கள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அரை மேசைக்கு ஒரு இதழ் அல்லது பதிப்பகம். புருலியாவிலிருந்து வந்தவர்கள், கூச் பிஹாரிலிருந்து வந்தவர்கள். மேசைக்குப் பின்னால் ஆசிரியரே உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "புதுசா என்ன வந்திருக்கு?" அவர் எழுந்து நின்று பதில் சொல்கிறார். அந்தப் பதில் இரண்டு நிமிடம் போகிறது. வாங்காவிட்டாலும் கையில் ஒரு தாள் கொடுக்கிறார்.

நாங்கள் சேர்த்த தாள்களை அறையில் கட்டில் மேல் பரப்பி வைத்திருக்கிறோம். ஒன்று நாலாக மடித்த மஞ்சள் தாள், மூன்றே மூன்று நூல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முழுப் பத்தி. ஒன்றில் மொழிபெயர்ப்பாளர், இந்த நாவலை ஏன் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாராம், பக்கத்து மேசைக்காரர் படித்துச் சொன்னார். இன்னொன்றில் போன வருடம் போட்டுத் தீராத புத்தகங்களுக்கும் புதிதாக அறிமுகம் எழுதியிருக்கிறார்கள். இது என்னை ரொம்பத் தொட்டது. நாங்கள் ஒரு புத்தகத்தைப் பற்றி வெளியீட்டு வாரத்தோடு பேசுவதை நிறுத்திவிடுகிறோம். வாசகருக்கு அது வந்ததே தெரியாது என்றால், அவரைப் பொறுத்தவரை அது இன்னும் புதுப் புத்தகம்தானே.

இங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சந்தையை ஒட்டி எல்லோரும் கொட்டுகிறார்கள், பிழை மலிந்த அவசர அச்சு நிறைய வருகிறது என்று மூன்று ஆசிரியர்கள் தனித்தனியாகப் புலம்பினார்கள். கேட்டதும், நந்தனத்தில், நம் சென்னைப் புத்தகக் காட்சியில் நிற்கிற மாதிரியே இருந்தது.

சனி, தபால் அலுவலகம்

வாங்கியவை பெட்டியில் அடங்கவில்லை. காலையில் தபால் அலுவலகம் போய் புத்தகங்களுக்கான மலிவுத் தபாலான ஞான் போஸ்ட்டில் இரண்டு கட்டு அனுப்பினோம். பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனபோது எங்களைப் போன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 150 ரூபாய் புத்தகத்துக்கு 60, 70 ரூபாய் கூரியர் என்றால் யார் வாங்குவார்கள்? 2025 மே முதல் தேதி வந்த இந்த ஞான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. மெதுவாகத்தான் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடிகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் வரும் இதழ்களை இதில் அனுப்ப முடியாது, அதனால் சிற்றிதழ்களைக் கையிலேயே எடுத்துப் போகிறோம். சிற்றிதழ்களுக்கும் இந்தச் சலுகை வேண்டும். புத்தகத்தைவிட அவைதான் தபாலை நம்பி வாழ்கின்றன.

மதியம் மறுபடி சந்தை. இரவு ரயில்.

ஞாயிறு, திரும்பும் ரயிலில்

அண்ணனோடு போனில் ஒரு மணி நேரம் பேசி முடிவுக்கு வந்துவிட்டோம். எங்கள் அடுத்த மூன்று புத்தகங்களும் சித்திரை முதல் நாள் வரும். நான் மெய்ப்பு பார்த்த அந்த முதல் சிறுகதைத் தொகுப்பு. பரமக்குடி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் தன்வரலாறு. வெகுநாள் அச்சில் இல்லாத ஒரு பயண நூலின் மறுபதிப்பு. அட்டைகள் முடிந்ததும் தலைப்புகளை அறிவிக்கிறோம். விழா கிடையாது. அன்று காலையிலிருந்து எங்கள் அலுவலகம் திறந்திருக்கும். மூன்று ஆசிரியர்களும் இருப்பார்கள். பானகமும் நீர்மோரும் உண்டு.

அப்புறம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு மடல் அச்சிடப்போகிறோம். எங்கள் எழுத்தாளர்கள் ஒருவர் புத்தகத்தைப் பற்றி இன்னொருவர் எழுதுவார்கள், ஒவ்வொரு நூலிலிருந்தும் ஒரு முழுப் பக்கம் இருக்கும், பழைய நூல்களுக்கும் இடம் உண்டு. விலை கடைசிப் பக்கத்தில். தம்பி ரயிலிலேயே முதல் மடலின் பக்கங்களைப் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறான். தபாலில் வேண்டுமென்பவர்கள் முகவரியும், கடைசியாகப் படித்துப் பிடித்த ஒரு புத்தகத்தின் பெயரும் எழுதி அனுப்புங்கள். முதல் மடல் பங்குனி கடைசிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.